சுருட்டுப் பெட்டியின் ஈரப்பதம்

ஹியூமிடார் எனப்படும் சுருட்டுப் பெட்டிக்குள் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 65 முதல் 72 விழுக்காட்டுக்குள் நிலையாக இருக்க வேண்டும். குறைந்தால் மேலிலை வெடித்து மணம் போய்விடும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். உட்புறத்தில் பதிக்கும் ஸ்பானிஷ் சீடர், பெயர் எப்படியிருந்தாலும், மகோகனிக் குடும்பத்து மரம். ஈரத்தை உறிஞ்சி, காற்று வறளும்போது திருப்பித் தருவது அதுதான். புதுப் பெட்டியில் உடனே அடுக்கினால் காய்ந்த பலகை சுருட்டின் ஈரத்தையே இழுத்துவிடும்; முதலில் காய்ச்சி வடித்த நீரைக் கிண்ணத்தில் உள்ளே வைத்துச் சில நாள் மூடிவைப்பது நல்லது.

பெட்டிக்குள் ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானியைச் சோதிக்காமல் நம்பவே கூடாது. புட்டிமூடியில் சமையல் உப்பைச் சில சொட்டு நீரில் ஈரமணல் பதத்துக்குக் குழைத்து, ஈரமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வைத்தால் முள் 75-இல் நிற்க வேண்டும். 72 காட்டினால், அது 3 குறைத்துச் சொல்கிறது.