கிளைடர் போட்டிகளில் ஹேண்டிகேப்

எஞ்சின் இல்லாத கிளைடர்கள் பழையதும் புதியதுமாக ஒரே போட்டியில் பறக்கும்போது, அவற்றின் திறன் வேறுபாட்டை ஈடுகட்ட ஒவ்வொரு ரகத்துக்கும் தரப்படும் எண்ணே ஹேண்டிகேப். விமானி எட்டிய வேகம் அல்லது தொலைவு அந்த எண்ணால் வகுக்கப்படும். பழைய கிளைடரின் எண் சிறியது.

1950களின் மர விமானமான கா 6, ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போகும். 1980இல் வந்த கண்ணாடியிழை எல்எஸ்4 ஏறத்தாழ 40. ஆனால் ஒற்றை எண்ணால் வானிலையை அடக்க முடியாது. காற்றில்லா நாளில் மணிக்கு 60, 90 கிலோமீட்டர் சராசரி தரும் இரு கிளைடர்கள், மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 30, 60 என்றாகிவிடும். மூன்றில் இரண்டு பங்காக இருந்த விகிதம் பாதியாகிறது, எண்ணோ மாறுவதில்லை. மெதுவாகப் பறப்பவர் மாலை வரை வானில் இருக்க வேண்டும். அதற்குள், கிளைடரை மேலே தூக்கும் வெப்பக்காற்று ஓய்ந்தால் வயலில்தான் இறங்க வேண்டும். பழைய கிளைடர்காரர்களின் குறை நியாயமானதே.

திறன் நெருங்கிய ரகங்களை மட்டும் சேர்ப்பது ஒரு தீர்வு. கிளப் வகுப்பு அப்படிப்பட்டது. வேகமாகப் பறக்க எடைகூட்டும் நீருக்கு அதில் அனுமதியில்லை. அதன் முதல் உலகப் போட்டி 2001இல் ஆஸ்திரேலியாவின் காலரில் நடந்தது. பிரிட்டனில் கையாளப்படும் இன்னொரு முறை இதைவிட நேர்மையானது: போட்டிப் பாதையில் தொட்டுத் திரும்ப வேண்டிய திருப்புமுனையைச் சுற்றிய வட்டம் மெதுவான கிளைடருக்குப் பெரிதாக வரையப்படும். அதனால் அதன் பாதை குறுகி, எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரம் பறப்பார்கள்.