எண்பது வயதில் ஒரு கட்சி
அத்தியாயம் 7: வரப்பும் அரண்மனையும்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், உழவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. நிலத்துக்கு உச்சவரம்பு, கிராமத்து நிலங்களைச் சேர்த்துக் கூட்டுறவுப் பண்ணை. உடைமை உழவனுக்கே, நிலத்துக்கேற்ற பங்கு உண்டு என்றது தீர்மானம். வரப்பை அழித்த பிறகு எதைக் காட்டி ‘இது என் வயல்’ என்பது? அங்கேயே எழுந்து எதிர்த்தார் சரண் சிங். நேருவின் செல்வாக்கின் முன் அது எடுபடவில்லை.

ஆந்திர விவசாயிகளின் தலைவர் என்.ஜி. ரங்கா காங்கிரசிலிருந்து வெளியேறினார். பம்பாயில் மினூ மசானி காத்திருந்தார். 1934-இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். ஸ்டாலினின் ரஷ்யாவைப் பார்த்து மனம் மாறியவர். சென்னையில் ‘சுயராஜ்யா’வில் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார் ராஜாஜி. கவர்னர் ஜெனரலாக இருந்தவர், வயது எண்பது. ஓய்வெடுக்க எல்லா நியாயமும் இருந்தது.

ஜூன் 4. சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. தலைவர் ரங்கா, ராஜாஜி பதவி ஏற்கவில்லை.

அதன் கொள்கைகள் 21. தொழில் தொடங்க ஒருவன் அதிகாரியின் வாசலில் நிற்கக்கூடாது. உழவனின் நிலம் அவனிடமே இருக்க வேண்டும். அடிப்படைக் கொள்கைக்கு வெளியே எதிலும் உறுப்பினர் தம் மனசாட்சிப்படி பேசலாம் என்றும் ஓர் அம்சம். கட்சிக் கட்டுப்பாட்டின் பெயரால் வாய்கள் பூட்டப்படும் நம் நாட்டில், இதைவிடத் துணிச்சலான வரியை எந்தக் கட்சியும் எழுதியதாக நான் அறியேன். இந்திய வலதுசாரி அரசியல் மதத்தின் பெயரைச் சொல்லாமலே வளர ஒரு பாதை அன்று திறந்தது. அதனால்தான் இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஆனால் கொள்கை ஓட்டுச்சாவடிக்கு நடந்து போகாது. ஊர்தோறும் ஆள் வேண்டும். 1962 தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆட்கள் இருந்த இடம் அரண்மனைகள். பீகாரில் ராம்கர் ராஜா காமாக்யா நாராயண் சிங் தனிக் கட்சியே வைத்திருந்தார். ஜமீன் ஒழிப்பில் அவர் இழந்ததும் நிலம்தான். ஆனால் அதில் ஏர் பிடித்தவர்கள் வேறு ஆட்கள். ஜெய்ப்பூரில் மகாராணி காயத்ரி தேவி.

குடியானவனின் வரப்பைக் காக்க வந்த கட்சி, இவர்களை வாசலில் நிறுத்துமா, உள்ளே அழைத்து உட்காரவைக்குமா?

ராஜாஜி எடுத்த முடிவு, அடுத்த வாரம்.

(தொடரும்)