காட்பாடி வட்டாரத்தில் ஓய்வூதியம், சேமநலநிதி, வரிச்சலுகை: ஒரு வரலாறு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்குப் பணம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, உயிருள்ளவரை மாதந்தோறும் வரும் ஓய்வூதியம். மற்றொன்று, சேமநலநிதி, பணிக்கொடை என்ற பெயர்களில் மொத்தமாகக் கைக்கு வரும் தொகை. இந்தியாவில் அரசின் கொள்கை இவ்விரண்டுக்கும் இடையே மாறிமாறிச் சென்றிருக்கிறது. வருமான வரிச் சட்டமும் அதற்கேற்ப வளைந்துள்ளது. இதை அறிய வேலூர் மாவட்டத்தின் காட்பாடி பொருத்தமான இடம். ரயில் சந்திப்பு என்பதால் ரயில்வே ஊழியர்கள் இங்கு மிகுதி. பள்ளி ஆசிரியர்களும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வரை பரவிய தோல் தொழிலை நம்பிய குடும்பங்களும் உண்டு. ஒரே தெருவில் வாழும் இந்த மூவருக்கும் முதுமைக்காலப் பணம் மூன்று வேறு விதிகளின்படி வருகிறது.

தொடக்கம்

1857 கிளர்ச்சிக்குப் பின் ஏற்பட்ட நிதி நெருக்கடியைச் சமாளிக்க 1860-இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியை அறிமுகப்படுத்தினார். 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுள் காப்பீட்டுப் பிரிமியத்துக்கு ஒரு வரம்புவரை விலக்கு அளித்தது. சேமித்தால் வரி குறையும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

1925-இல் வந்த சேமநலநிதிச் சட்டம் அதிகம் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டியது. ஊழியரின் கட்டாயச் சேமநலநிதியைக் கடன்காரர் நீதிமன்றம் சென்றும் ஜப்தி செய்ய முடியாது என்றது அச்சட்டம். ஆனால் அந்தப் பாதுகாப்பு, பணம் நிதியில் இருக்கும்வரைதான்.

ஆசிரியரும் ரயில்வே ஊழியரும்

அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு நெடுங்காலம் ஓய்வூதியம் கிடையாது. அவரும் நிர்வாகமும் செலுத்திய சேமநலநிதி மட்டுமே மிஞ்சும். மகள் திருமணமோ வீட்டுக் கடனோ வந்தால் அது ஒரே ஆண்டில் கரைந்துவிடும். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1955-இல், சென்னை மாகாணம் ஓய்வூதியம், சேமநலநிதி, காப்பீடு மூன்றையும் இணைத்த திட்டத்தை இவர்களுக்குக் கொண்டுவந்தது. மதிய உணவுத் திட்டம் நினைவில் நிற்கும் அளவுக்கு இது நிற்கவில்லை. ஆயினும் வாத்தியார் வேலைக்கு ஊரில் ஏற்பட்ட மதிப்பில் இதற்குப் பங்குண்டு என்பது என் கருத்து.

1957-இல் ரயில்வேயும் சேமநலநிதி முறையிலிருந்து ஓய்வூதிய முறைக்கு மாறியது. நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று, ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடை அன்று, ஊழியரின் உரிமை என்று தீர்ப்பளித்தது.

தோல் தொழிலாளர்

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 1951 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 1952-இல் சட்டமானது. முதலில் சேர்க்கப்பட்டவை சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்கள் மட்டுமே. தோல் தொழில் பின்னரே சேர்ந்தது. சட்டம் தொடக்கத்தில் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே பொருந்தியது. 1960-இல் அது 20 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கும் குறைவான ஆட்களை வைத்து நடந்த சிறு டேனரிகளும், வீட்டில் அமர்ந்து ஷூ மேல்பாகம் தைப்பவர்களும் நடைமுறையில் வெளியே நின்றனர்.

வேலை தொடர்ச்சியாக இல்லாதது அடுத்த இடர். பாலாற்று மாசு தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடில்லாத டேனரிகள் இயங்க முடியவில்லை. ஆற்றுக்கு அது தேவையான தீர்ப்பு. ஆனால் முந்தைய ஆண்டு, 1995 நவம்பர் 16 அன்று, நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி வேண்டும் என்றது. பட்டறை மாறுபவருக்கு அந்தப் பத்தாண்டைச் சேர்ப்பது எளிதன்று. இடையில் விலகுவோர் திட்டச் சான்றிதழ் பெற்றால் பழைய பணிக்காலத்தை அடுத்த வேலையுடன் இணைக்கலாம். பணத்தை எடுத்துவிட்டால் அந்தக் காலம் கணக்கில் வராது.

கணக்கு எளிது: சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 10,000 ரூபாய் சம்பளத்தில் 14 ஆண்டு ஷூ கம்பெனியில் இருந்த பெண்ணுக்கு மாதம் 2,000 ரூபாய் வரும். 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய்.

2016-இல், முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதுமைக்குப் பணம் நிற்கட்டும் என்பது நோக்கம். ஆனால் 50 வயதுக்குள் உடல் தளர்ந்து விலகும் தொழிலாளிக்கு 58 எட்டாத வயது. ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் பெருந்திரளாகச் சாலைக்கு வந்தனர்; ஏப்ரல் 19 அன்று விதி திரும்பப் பெறப்பட்டது.

வரி யாருக்குக் குறைந்தது

1968-இல் பொது வருங்கால வைப்பு நிதி (பி.பி.எஃப்.) வந்தது. 2005-06 நிதியாண்டில் 80சி பிரிவு 1 லட்சம் ரூபாய்வரை கழிவு தந்தது. 2014-இல் அது ஒன்றரை லட்சமானது. பிப்ரவரி மாதம் ஆசிரியர் அறைகளில் காப்பீட்டு ரசீது தேடும் பரபரப்பு இதனால் ஏற்பட்டதே. வரி வரம்பைத் தொடாத தொழிலாளிக்கு இந்தக் கழிவால் பயன் இல்லை. அதற்கு மாறாக, தொடர்ச்சியான 5 ஆண்டுப் பணிக்குமுன் வைப்பு நிதியை எடுத்தால் அது வரிக்குரியது. 2015 ஜூன் முதல் ஒரு தொகைக்கு மேற்பட்டால் முன்கூட்டியே வரி பிடிக்கும் விதியும் வந்தது. உரிய படிவம் தந்தால் பிடிக்கமாட்டார்கள். அந்தப் படிவத்தைப் பற்றி அவருக்கு யார் சொல்வது?

2020-இல் அறிமுகமான புதிய வரிமுறையில் 80சி கழிவு இல்லை. 2023-24 முதல் அதுவே இயல்பான முறை ஆயிற்று.

மீண்டும் மொத்தத் தொகை

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த அரசு ஊழியர், ஆசிரியர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. மத்திய அரசு 2004 ஜனவரி முதல் இதேபோன்ற முறைக்குச் சென்றது. ஐம்பது ஆண்டுகளுக்குமுன் ஆசிரியர் கடந்து வந்த இடத்துக்கே அடுத்த தலைமுறை திரும்பியதைப் போன்றது இது. இதை எதிர்த்து 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ நீண்ட வேலைநிறுத்தம் செய்தது. 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு, 25 ஆண்டுப் பணி முடித்தவருக்குச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் ஒருங்கிணைந்த திட்டத்தையும் ஊழியர் தேர்வுக்கு வைத்தது.

காட்பாடி, 2022

மொத்தத் தொகை எங்கே போகிறது என்பதைக் காட்பாடி 2022-இல் கண்டது. இங்கிருந்து இயங்கிய ஐ.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் மாதம் 6 முதல் 10 விழுக்காடு வட்டி தருவதாகக் கூறி, ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறை கூறியது. முதலீட்டாளர்கள் 80,000 பேருக்கும் மேல். அப்போது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 1 லட்சத்துக்கு ஆண்டுக்குத் தந்தது 7,400 ரூபாய். நிறுவனம் சொன்னபடி மாதத்துக்கே 6,000 முதல் 10,000 ரூபாய். பேராசை என்று ஒதுக்கிவிடுவது எளிது. மாதம் 1,000 ரூபாய் ஓய்வூதியம் பெறுபவருக்கு அந்த 6,000 எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997-லேயே இயற்றப்பட்டது; தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூழ்கியதன் விளைவு அது. அதன்படி நிறுவனத்தின் சொத்துகளை அரசு முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் உத்தரவு பெற்று விற்று, கிடைத்த பணத்தை முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும்.