பழவந்தாங்கல் ரயில் நிலையம்

பழவந்தாங்கல் ரயில் நிலையம், சென்னை கடற்கரை – தாம்பரம் புறநகர் மின்ரயில் தடத்தில் பரங்கிமலைக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள சிறு நிலையம். கடற்கரையிலிருந்து எண்ணி வந்தால் பன்னிரண்டாவது. தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்த இதன் குறியீடு பி.இசட்.ஏ. பலகையில் பழவந்தாங்கல் என்று இருந்தாலும் இங்கே இறங்குகிறவர்களில் பலருக்கு வீடு நங்கநல்லூரில். நங்கநல்லூர் பெயரில் புறநகர் ரயில் நிலையம் எதுவும் இல்லாததால், அந்தப் பெரிய குடியிருப்புப் பகுதியின் ரயில் போக்குவரத்தை இந்தச் சிறு நிலையம்தான் தாங்குகிறது.

இதன் இருப்பிடத்தைப் புரிந்துகொண்டால் பாதி நிலையத்தைப் புரிந்துகொண்ட மாதிரி. ஜி.எஸ்.டி. சாலையும் தண்டவாளமும் இங்கே அருகருகே தெற்கு நோக்கிப் போகின்றன. சாலை மேற்கே, நங்கநல்லூர் கிழக்கே, நடுவில் ரயில் தடங்கள். பேருந்தைப் பிடிக்கவோ, விமான நிலையம் போகவோ, கிண்டிப் பக்கம் வேலைக்குப் போகவோ நங்கநல்லூர்வாசி எப்படியும் இந்தத் தண்டவாளத்தைத் தாண்டியாக வேண்டும். ரயிலே ஏறாதவர்களும் நிலையத்தின் பக்கம் தினமும் வந்துபோவது அதனால்தான்.

தடத்தின் வரலாறு நிலையத்தை விடப் பெரியது. தென்னிந்திய ரயில்வே நிறுவனம் இருந்த காலத்தில், 1931இல், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர்கேஜ் பாதையில் மின்ரயில் ஓடியது இந்தியாவில் இங்கேதான் முதல்முறை. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் தொடங்கிய தடம், 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. பிறகு அகலப்பாதை வந்தது. மீட்டர்கேஜ் மின்ரயில் 2004 ஜூலை 1 அன்று கடைசியாக ஓடியது.

நிலையத்தைக் கடந்து போகிற ரயில்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: நிற்பவை, நிற்காதவை. கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு, திருமால்பூர் என்று பெயர்ப்பலகை மாட்டிய மின்ரயில்கள் நிற்கும். வைகை, பாண்டியன் போன்ற மதுரை வண்டிகள் பக்கத்துத் தடத்தில் ஊதிக்கொண்டே போய்விடும். புறநகர்த் தடத்தில் பழுதோ பராமரிப்போ வந்து மின்ரயில்களைப் பிரதானத் தடத்துக்கு மாற்றிவிட்டால், பழவந்தாங்கல் போன்ற சிறு நிலையங்கள்தான் முதலில் விட்டுப்போகும். அப்படி மாற்றிவிட்ட ஒரு நாளில்தான், 2018 ஜூலை 24 அன்று, அடுத்த நிலையமான பரங்கிமலையில் படிக்கட்டில் தொங்கிவந்த பயணிகள் நடைமேடையோரக் கான்கிரீட் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். காலை நேரத்துக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படிக்கட்டுப் பயணம் வீம்பாகத் தெரியாது. உள்ளே நிற்க இடமிருக்காது, அவ்வளவுதான்.

நிலையத்தை ஒட்டித் தண்டவாளத்துக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை, நிலையத்தை விட அதிகம் செய்தியில் அடிபடுவது. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து நங்கநல்லூருக்குள் நுழைய இதுவே நேர்வழி. சாலை மட்டத்திலிருந்து இருபுறமும் சரிந்து இறங்குவதால் பெய்கிற மழை முழுக்க நடுவில் போய்த் தேங்குகிறது. மோட்டார் வைத்து இறைத்தால்தான் வடியும். ஒரு நல்ல மழைக்குப் பிறகு பாதையின் இரு முனையிலும் தடுப்பு வைத்துவிடுவார்கள். இருசக்கர வாகனக்காரர்கள் தடுப்பு வரை வந்து பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு தில்லை கங்கா நகர்ச் சுரங்கப்பாதைப் பக்கமாகச் சுற்றிப் போவார்கள். அங்கேயும் தண்ணீர் நிற்காமல் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்து விமான நிலையமே மூடப்பட்டது. அந்த வெள்ளத்தோடு ஒப்பிட இது சிறிய விஷயம்தான். ஆனால் அது அபூர்வமாக வந்தது, இது வடகிழக்குப் பருவமழை தோறும் வருகிறது. பழவந்தாங்கலும் நங்கநல்லூரும் ஆலந்தூர் நகராட்சியில் இருந்து, 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. சுரங்கப்பாதைத் தண்ணீர் அதற்குப் பிறகும் வழக்கம்போலவே தேங்குகிறது.

கோயில் கூட்டமும் இந்த நிலையத்துக்கு உரியது. சின்னக் காஞ்சிபுரம் என்று சொல்லுமளவுக்கு நங்கநல்லூரில் கோயில்கள் அதிகம். அவற்றுள் வெளியூர்க்காரர்களை இழுப்பது ஒரே கல்லில் செதுக்கிய 32 அடி ஆஞ்சநேயர். மார்கழியில் அனுமன் ஜயந்தியன்று ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. துளசி மாலையும் வெற்றிலை மாலையும் வைத்திருக்கும் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தால் போதும். சனிக்கிழமைகளில் இதே காட்சி சிறிய அளவில்.

பகலில் இருக்கும் நடமாட்டம் இரவில் சட்டென்று குறைந்துவிடுவது இம்மாதிரி நிலையங்களின் பெரிய குறை. 2025 பிப்ரவரியில் இந்த நிலையத்தில் இரவு நேரத்தில் பெண் காவலர் ஒருவரே தாக்குதலுக்கு ஆளானார். குற்றஞ்சாட்டப்பட்டவர் கைது செய்யப்பட்டார். காவல்துறையில் இருப்பவருக்கே இந்த நிலை என்றால் கடைசி வண்டியில் வந்து இறங்கும் மற்றப் பெண்களின் கதி என்ன என்று அப்போது எழுந்த கேள்வி நியாயமானது. சிறு நிலையங்களுக்கு விளக்கும் கண்காணிப்புக் கேமராவும் மட்டும் போதாது, ஆளும் வேண்டும்.

2016 செப்டம்பரில் சின்னமலை – விமான நிலையம் மெட்ரோ திறந்தபோது, ஜி.எஸ்.டி. சாலையில் நங்கநல்லூர் பெயரிலேயே ஒரு நிலையம் வந்தது. விமான நிலையத்துக்கும் அண்ணா சாலைக்கும் போகிறவர்கள் இப்போது அங்கே ஏறுகிறார்கள். மின்ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் இன்னும் 5 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் ஒரு பயணத்துக்கு ஆகும் செலவு அதைவிடக் குறையும். மாம்பலத்தில் இறங்கி நேராக ரங்கநாதன் தெருவுக்குள் நுழைய நினைப்பவர்களும், கோட்டை, கடற்கரைப் பக்கம் அலுவலகம் உள்ளவர்களும் பழவந்தாங்கலை விட்டு நகரவில்லை.