திரையின் துளைகள்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்தைக் கடந்ததும் வருகிறது கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகனைக் காணச் செல்வோர் இங்கேதான் திரும்புவர். இத்தகைய சாலையோரத்து ஊர்களில் தமிழ் சினிமா வேரூன்றிய கதையை நடிகர்கள், பாடல்கள், அரசியல் ஆகியவற்றின் வழியாகவே நாம் பெரிதும் பேசி வந்திருக்கிறோம். அந்தக் கதையில் திரைக்கும் ஒரு பங்குண்டு.

1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரத்தில் படம் காட்டத் தொடங்கியபோது படம் ஊமை. கதையை விளக்குபவரும் வாத்தியக்காரரும் திரைக்கு அருகே இருந்தால் போதும். 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியானது. திரையில் தோன்றிய டி.பி. ராஜலட்சுமி பாடினார். அப்போது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. முகம் நடுவிலும் குரல் ஓரத்திலும் இருந்தால் பேசுவது அந்த முகம்தான் என்று மனம் எப்படி நம்பும்? ஒலிபெருக்கி திரைக்குப் பின்னால் இருந்தாக வேண்டும். திரையோ ஒலியை மறிக்கிறது.

உலகத் திரையரங்குகள் கண்ட விடை, திரை முழுவதும் நுண்துளைகள் இடுவது. வழக்கமான திரையில் ஒரு துளையின் விட்டம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்; துளைகளின் மொத்தப் பரப்பு திரையில் 5 விழுக்காடு அளவே. மீதி 95 விழுக்காடு மூடியிருந்தும் ஒலி எவ்வாறு கடக்கிறது? ஒவ்வொரு துளையிலும் உள்ள காற்று ஒரு சிறு தக்கையைப் போல முன்னும் பின்னும் அசைகிறது. ஒலி அசைக்க வேண்டியது திரையை அன்று, அந்தத் தக்கைகளை மட்டுமே. கணக்கிட்டால், துளையிட்ட மெல்லிய திரை ஒலிக்குக் காட்டும் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிராம், செய்தித்தாளைவிடவும் குறைவு. துளைகளின் வழியே ஒலி செல்வதற்கான இக்கணிதத்துக்கு 1877-78இல் வெளியான 'ஒலியின் கோட்பாடு' நூலில் ராலே பிரபு அடித்தளம் இட்டிருந்தார். அப்போது சினிமாவே பிறக்கவில்லை.

எனினும் இதற்கொரு விலையுண்டு. அதிர்வெண் கூடக் கூட அந்தக் காற்றுத் தக்கையை அசைப்பது கடினமாகிறது. 1000 ஹெர்ட்ஸில் இழப்பு அநேகமாக இல்லை. 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது நன்றாகவே தெரியும். 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் கூர்மை மழுங்கும். உயிரெழுத்துகளின் முழக்கம் குறையாது. கூடாரக் கொட்டகையின் துணித்திரைக்கும் இதே விதிதான். அங்கே இழைகளின் இடைவெளிகளே துளைகள். வெண்பூச்சு தடித்து அவை அடைபட்டால் குரலும் மங்கும்.

1952இல் 'பராசக்தி' வந்தது. கருணாநிதியின் வசனத்தைச் சிவாஜி கணேசன் நீதிமன்றக் காட்சியில் பேசினார். தமிழ்நாட்டில் வசனம் அரசியலான காலம் அது. சொல்லும் முகமும் ஒன்றாய்ப் பதிந்ததால்தான் நடிகரின் குரல் தலைவரின் குரலாகவும் கேட்டது என்பது என் எண்ணம். அந்த ஒருமையைக் காத்ததில் கண்ணுக்குப் புலப்படாத இத்துளைகளுக்கும் பங்குண்டு.

2017இல் சியோல் நகரத்துத் திரையரங்கு ஒன்றில் எல்.இ.டி. சுவரே திரையானது. அதில் ஒலிக்கு வழியில்லை. ஒலிபெருக்கிகள் திரையின் விளிம்புகளுக்குப் போயின. குரல் முகத்திலிருந்தே வருவதாகத் தோன்றச் செய்வது இப்போது கணினியின் வேலை. 1931இன் கேள்வி மீண்டும் பொறியாளரின் மேசைக்கு வந்திருக்கிறது.