மீனைத் திருப்பி விடும் விதி பிறந்த கதை

2023 ஜூன் மாதம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மோர்ஹெட் சிட்டி என்ற துறைமுக ஊர். ஆண்டுதோறும் அங்கே நடக்கும் 'பிக் ராக்' தூண்டில் போட்டியின் கடைசி நாள். ஒரு படகு பெரிய நீல மார்லின் மீன் ஒன்றைக் கொண்டுவந்து துறையில் தொங்கவிட்டது. எடை 619.4 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 281 கிலோ. ஆறு மணி நேரத்துக்கு மேல் போராடிப் பிடித்த மீன். பரிசுத் தொகை சுமார் 35 லட்சம் டாலர். ஆனால் மீனின் உடலில் கடிபட்ட புண் இருந்தது. தூண்டிலில் இருக்கும்போதே சுறா கடித்திருக்கிறது. நடுவர்கள் கூடிப் பேசி, நிபுணர்களைக் கேட்டு, மறுநாள் தீர்ப்புச் சொன்னார்கள்: இந்த மீன் செல்லாது.

செய்தியைப் படித்தவர்களில் பலர் கொதித்தார்கள். சுறா கடித்ததற்குத் தூண்டில்காரர் என்ன செய்வார்? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் அதன் நியாயம் புரிந்தது. கூடவே, அதே விதிப் புத்தகத்தில் இருக்கும் ஒரு அநியாயமும் கண்ணில் பட்டது.

கடிபட்ட மீன் செல்லாது என்ற விதியின் ஊர் பஹாமாஸ் பக்கம். 1930களில் பிமினி தீவைச் சுற்றி ராட்சதச் சூரை மீன்கள் கூட்டம் கூட்டமாக வரும். தூண்டிலில் மாட்டிய சூரை களைத்துப் போகும் நேரம் பார்த்துச் சுறாக்கள் பாய்ந்துவிடும். படகுக்கு வந்து சேருவது தலையும் முள்ளும்தான். எழுத்தாளர் ஹெமிங்வே 1935இல் அங்கே போய், சுறா வாய் வைப்பதற்குள் சூரையை முழுசாகப் படகுக்குக் கொண்டுவர முடியும் என்று காட்டினார். பாதி உடல் போன மீனோடு போராடுவதும் முழு மீனோடு போராடுவதும் ஒன்றில்லையே. இரத்தம் போன மீன் இழுக்காது. அதைப் பிடித்தவர் வென்றது சுறாவின் தயவால்.

கடிபட்ட மீனைக் கணக்கில் சேர்க்காத வழக்கத்தை எழுத்தாக்கியது 1939 ஜூன் 7ஆம் தேதி நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பிறந்த பன்னாட்டு விளையாட்டு மீன் சங்கம். துணிக்கடை வியாபாரத்தில் பணம் சேர்த்த மைக்கேல் லெர்னர்தான் அதன் முக்கியக் காரணகர்த்தா. லெர்னர் ஆஸ்திரேலியாவுக்கு மீன் ஆராய்ச்சிப் பயணம் போனபோது கிளைவ் ஃபிர்த் என்பவர், உலகம் முழுவதற்கும் ஒரே விதி வேண்டும் என்று அவரிடம் பேசியிருந்தார். அருங்காட்சியகத்தின் மீன் அறிஞர் வில்லியம் கிங் கிரிகரி முதல் தலைவர். ஹெமிங்வே பின்னால் துணைத் தலைவரானார். சுறா, வேறு மீன், படகின் சுழல்விசிறி, எதுவானாலும் சரி, பிடிபடும் முன் மீனின் சதை கிழிந்தால் அது பதிவுக்கு ஆகாது என்றது சங்கம். ஆறிப்போன பழைய தழும்பு இருந்தால் பரவாயில்லை. மோர்ஹெட் சிட்டியில் 35 லட்சம் டாலரைத் தடுத்தது இந்த வரிதான்.

ஆனால் சங்கத்தின் விதிகளுக்கு மூலம் இன்னும் 41 ஆண்டுகள் பின்னால் இருக்கிறது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் தென்கரைக்கு எதிரே சாண்டா கேட்டலினா என்று ஒரு தீவு. அதில் அவலான் என்ற சிறு விரிகுடா ஊர். 1886இல் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் அங்கே போனார். இயற்கை நூல்கள் எழுதியவர். பாசடீனாவில் புத்தாண்டு அன்று இன்றும் நடக்கும் ரோஜா ஊர்வலத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவலான் கரையில் அவர் பார்த்த காட்சி அவரை உலுக்கிவிட்டது. மஞ்சள்வால் பாரை மீன்கள் கரையோரம் நெருக்கியடித்து நிற்கின்றன. வேடிக்கைக்கு வந்தவர்கள் தடித்த கயிற்றில் முள்ளைக் கட்டி எறிகிறார்கள், மாட்டியதும் கையால் இழுத்துப் போடுகிறார்கள். இழுப்பு சில நொடி. தின்பதற்கு எடுத்தது கொஞ்சம், மீதியெல்லாம் வீண்.

ஹோல்டர் அங்கே கழியும் ரீலும் கொண்டு மீன் பிடிக்கத் தொடங்கினார். 1898 ஜூன் 1ஆம் தேதி 183 பவுண்டு எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்று அவர் தூண்டிலில் மாட்டியது. படகையும் சேர்த்துப் பல மைல் தூரம் இழுத்துக்கொண்டு ஓடியது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்தே பக்கத்தில் வந்தது. மெல்லிய நூலால் இதைச் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகு தடித்த கயிற்றுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. அதே மாதத்தில் 'டூனா கிளப்' உருவாயிற்று. கலிஃபோர்னியாவின் விளையாட்டு மீன்களைக் காப்பது என்று தன் நோக்கத்தை அது எழுதி வைத்தது.

அது எழுதிய விதிகளைப் பாருங்கள். நூல் லினன் நூலாக இருக்க வேண்டும், 24 இழைக்கு மேல் கூடாது. பின்னாளில் நிலைத்த கணக்குப்படி ஈரத்தில் இழைக்குச் சுமார் 3 பவுண்டு. ஆக 72 பவுண்டு தாங்கும் நூலை வைத்துக்கொண்டு அதைவிட இரண்டு மூன்று மடங்கு கனமான மீனோடு மோத வேண்டும். மாட்டியது முதல் படகோட்டியின் கொக்கிக்கு எட்டும் வரை தூண்டில்காரர் தனியாகவே இழுக்க வேண்டும், வேறு கை படக்கூடாது. கழி முறிந்தால் மீன் செல்லாது. இப்படி 100 பவுண்டுக்கு மேல் சூரை பிடித்தவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நீலப் பொத்தான். ஒரு சின்னப் பொத்தானுக்காக நாள் கணக்கில் கடலில் கிடந்தார்கள்.

இந்த விதிகளில் எந்த இடத்திலும் மீனைக் கொல்லாதே என்ற சொல் இல்லை. மனிதனின் கையை மட்டுமே கட்டின. அதற்கே பலன் வந்தது. சில நொடியில் மீனை இழுத்துப்போட்ட ஆள் இப்போது ஒரு மீனுக்கு மணிக்கணக்கில் செலவழித்தார், பல மீன்கள் நூலை அறுத்துக்கொண்டு போயின. மீனுக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்தது. மீன் உயிரோடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் வயிற்றில் பிறந்த பிள்ளை. ஹோல்டரே அடுத்த படிக்குப் போனார். தீவைச் சுற்றி மூன்று மைலுக்குள் வலை போடக்கூடாது என்று அரசிடம் விடாமல் வாதாடி, 1913இல் சட்டம் வரச் செய்தார். இரண்டே ஆண்டில் இறந்துபோனார்.

விதியைக் கிளப் எவ்வளவு கண்டிப்பாகக் காத்தது என்பதற்கு ஒரு சம்பவம். நாவலாசிரியர் ஜேன் கிரே 418 பவுண்டு வாள்மீன் பிடித்துப் பெருமையாக இருந்தார். சிறிது காலத்தில் திருமதி கீத் ஸ்பால்டிங் என்ற மெலிந்த பெண்மணி 426 பவுண்டு மீனோடு வந்தார். ஒரு பெண் இதைத் தனியாகப் பிடித்திருக்க முடியுமா என்று கிரே ஐயம் கிளப்பினார். கிளப் தன் நடுவர் சொன்னதன் பக்கம் நின்றது. மன்னிப்புக் கேட்கச் சொன்னது. கிரே கிளப்பை விட்டுப் போக நேர்ந்தது. புகழ் பெற்ற உறுப்பினரை இழந்தாலும் விதியை வளைக்கவில்லை. அவலானின் விதிகள் உலகம் சுற்றியதற்கு இந்த நேர்மைதான் காரணம் என்று நம்புகிறேன்.

ஆனால் எட்டு பவுண்டு வித்தியாசத்துக்கு இவ்வளவு சண்டை என்பதிலேயே சிக்கலும் இருக்கிறது. நூல் எவ்வளவு மெலிதானாலும் ஆட்டம் முடிவது தராசில். தராசில் தொங்கினால் மீன் செத்தாக வேண்டும்.

தராசு இல்லாமல் போட்டி நடத்தலாம் என்று முதலில் துணிந்தவர்களில் ஃபிளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச் தூண்டில் கிளப்பைச் சொல்ல வேண்டும். 1934இல் தொடங்கிய கிளப். அங்கே பிடிபடுவது நம் கடற்கரையில் மயில் மீன் என்கிறோமே, முதுகில் பாய் விரித்தது போன்ற துடுப்புள்ள அந்த மீன். குளிர்காலத்தில் சுற்றுலாக்காரர்கள் பிடித்துப் படம் எடுத்துவிட்டு துறையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். 1930களின் பிற்பகுதியில் கிளப் ஒரு சிவப்புக் கொடியைக் கொண்டுவந்தது. மீனைக் கடலிலேயே விட்டுவிட்டு வரும் படகு கொடியை ஏற்றிக்கொண்டு துறைக்குள் நுழையலாம். பார்க்கிறவர்கள் கொடியை எண்ணிக் கைதட்டுவார்கள். செத்த மீன் தந்த பெருமையை ஒரு முழத் துணி தந்தது. விடுவித்த மீனுக்குக் கொடி கட்டும் வழக்கம் இன்று பல கடல்களில் இருக்கிறது.

பிறகு விஞ்ஞானி வந்தார். வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் ஃபிராங்க் மேதர் 1954இல் தூண்டில்காரர்களிடம் சின்ன அடையாளச் சீட்டுகளைக் கொடுத்து, விடும் மீனில் குத்தி விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பஹாமாஸ் பக்கம் குத்தி விட்ட சூரை நார்வே கடலில் பிடிபட்டது. விட்ட மீன் பிழைக்கிறது, ஒரு பெருங்கடலைத் தாண்டியும் போகிறது என்று தெரிந்தது.

எல்லா ஊருக்கும் இந்த ஞானம் ஒரே நாளில் வரவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் லூ என்ற சிற்றூர். 1953இல் அங்கே பிரிட்டனின் சுறாத் தூண்டில் கிளப் தொடங்கிற்று. உறுப்பினராக வேண்டுமானால் 75 பவுண்டுக்குக் குறையாத சுறா ஒன்றைத் தானே பிடித்துக் காட்ட வேண்டும். கோடை விடுமுறைக்கு வந்தவர்களெல்லாம் படகேறினார்கள். 1960 வாக்கில் ஒரே ஆண்டில் சுமார் 6,000 நீலச் சுறாக்கள் அந்தச் சின்னத் துறையில் வந்து தொங்கின. அந்த மீனை வாங்கித் தின்ன அங்கே ஆளில்லை. எடை பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். நீலச் சுறா முட்டையிடாமல் குட்டி ஈனும் இனம், வளர்ந்து பருவமடையப் பல ஆண்டு பிடிக்கும். அடுத்த பத்திருபது ஆண்டுகளில் பிடிபடும் எண்ணிக்கை சரிந்தது. அட்லாண்டிக் நடுவே நீண்ட தூண்டில் வரிசை போடும் வணிகக் கப்பல்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் லூவின் தராசில் தொங்கிய ஆயிரங்களுக்கு லூதான் பொறுப்பு.

அதே கிளப் 1990களில் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. சுறாவைக் கரைக்குக் கொண்டுவருவதில்லை. படகோரம் தண்ணீரிலேயே வைத்து அளந்து, அளவைக் கொண்டு எடையைக் கணக்கிட்டு, முள்ளைக் கழற்றி விட்டுவிடுகிறார்கள். 75 பவுண்டு நிபந்தனையும் இந்தக் கணக்கிலேயே நிறைவேறும். கொன்று பெயர் வாங்கிய சங்கமே கொல்லாமல் நடத்திக் காட்டியதை இந்தக் கதையின் மிகப் பெரிய நிகழ்ச்சியாக நான் நினைக்கிறேன். அயர்லாந்து 1970 முதலே இதற்கு வழிகாட்டியது. அரசின் மீன்வளத் துறையே படகோட்டிகளுக்கு அடையாளச் சீட்டு கொடுத்து நீலச் சுறா, திருக்கை போன்றவற்றைக் குறியிட்டு விடச் செய்தது.

விட்டால் போதுமா? பிழைக்க வேண்டுமே. இங்கேதான் முள்ளின் கதை வருகிறது. வழக்கமான தூண்டில் முள்ளை மீன் விழுங்கினால் குடலிலோ செவுளிலோ குத்தி நிற்கும். விட்டாலும் இரத்தம் கசிந்து சாகக்கூடும். வட்ட முள் வேறு மாதிரி. அதன் கூர்முனை வெளியே பார்க்காமல் தண்டுப் பக்கம் உள்நோக்கி மடிந்திருக்கும். பசிபிக் தீவு மக்கள் எலும்பிலும் சிப்பியிலும் இப்படி உள்வளைந்த முள் செய்தது பழங்கதை. மீன் இரையோடு விழுங்கினாலும் நூல் இறுகும்போது இந்த முள் தொண்டையில் எதையும் பற்றாமல் வழுக்கி வெளியே வந்து, வாயோரத்தில் திரும்பித் தாடையில் மாட்டும். ஒரே நிபந்தனை, மீன் கடித்ததும் கழியை வெடுக்கென்று சுண்டக் கூடாது. பொறுத்திருந்து நூலை இறுக்க வேண்டும். பல்லாண்டுப் பழக்கத்தை விட மனமில்லாமல் முதலில் பலர் மறுத்தார்கள். குவாத்தமாலா கடலில் மயில் மீன்களில் எரிக் பிரின்ஸ் குழு செய்த ஆய்வு 2002இல் வெளியானது. பழைய முள்ளில் மாட்டிய மீனுக்கு இரத்தம் கசியும் வாய்ப்பு வட்ட முள்ளைவிட 21 மடங்கு அதிகம் என்றது. 2008 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கம் நடக்கும் மார்லின், மயில் மீன் போட்டிகளில் இயற்கை இரை வைத்தால் வட்ட முள்தான் என்று சட்டமாயிற்று.

2011இல் பன்னாட்டுச் சங்கமும் ஒரு புதிய பட்டியலைத் திறந்தது. நீளத்துக்கு மட்டும் உலகச் சாதனை. அதற்கென்ற அளவுப் பலகையில் வைத்து அளந்து, படம் எடுத்து, மீனை உயிரோடு விட வேண்டும். செத்தால் சாதனை இல்லை. இங்கிலாந்து, அயர்லாந்தின் கடற்கரைப் போட்டிகளிலும் இன்று சென்டிமீட்டரைப் புள்ளியாக மாற்றும் அட்டவணை பரவலாக வந்துவிட்டது.

மிச்சமிருப்பது பெரும் பணம் புரளும் போட்டிகள். அங்கும் பிடிபடும் மீன்களில் பெரும்பாலானவை விடப்படுகின்றன. விட்டதற்குப் புள்ளி உண்டு. நீல மார்லின் 99 அங்குலத்துக்குக் குறைந்தால் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் அதை வைத்துக்கொள்ளவே சட்டம் இடம் தராது. ஆனால் முதல் பரிசு மட்டும் இன்னும் தராசிடம். மேரிலாந்தில் 2016இல் 76.5 பவுண்டு வெள்ளை மார்லின் ஒன்றுக்கு 28 லட்சம் டாலர் என்று ஆனது. வென்றவரைப் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைத்தார்கள். விதி அனுமதித்த காலை 8.30க்கு முன்பே தூண்டில் கடலில் இறங்கிவிட்டது என்று கடைசியில் நீதிமன்றம் சொன்னது, பரிசு போயிற்று. ஹோல்டரின் கிளப்பில் ஒரு பொத்தானே போதுமாக இருந்தது.

மோர்ஹெட் சிட்டி மார்லினுக்குப் பரிசு மறுத்த நடுவர்கள் செய்தது சரி. கடிபட்ட மீன் செல்லாது என்ற விதி நல்ல விதி, அது அப்படியே இருக்கட்டும். அந்த மீனைக் கடலிலேயே அளந்து விடாமல் துறைக்குக் கொண்டுவந்து தொங்கவிடச் சொன்ன விதியை மாற்றியாக வேண்டும். எழுபதாண்டு முன் 75 பவுண்டு சுறாவைக் கேட்ட லூவே மாற்றிக்கொண்டது.