அழைப்பவர் யார்? சென்னையின் இரு கலை விழாக்கள்

பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தும் ஒருவரையொருவர் அறியாமலே தலைமுறைகள் கழிந்துவிடும் இடம் நகரம். சென்னையில் இந்த விலகலுக்குச் சாதியும் வருமானமும் மட்டுமல்ல, கலையும் காரணமாக இருந்திருக்கிறது. மார்கழியில் சபாக்களுக்குள் கச்சேரியும் பரதமும் நடக்கும். பறையும் கானாவும் சாவு வீட்டோடும் குப்பத்துத் தெருவோடும் நின்றுவிடும். இந்தப் பிரிவுக்கோட்டை அழிக்க முயன்ற இரு விழாக்கள் சென்னை சங்கமமும் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவும். நோக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். வழிகள் எதிரெதிரானவை.

சங்கமம் 2007ஆம் ஆண்டு பொங்கலையொட்டித் தொடங்கியது. கனிமொழியும் அருட்தந்தை ஜெகத் கஸ்பரும் முன்னின்றார்கள். தமிழ் மையம் என்ற அமைப்பு அரசின் துணையோடு அதை நடத்தியது. கரகம், ஒயிலாட்டம், பொய்க்கால் குதிரை, தெருக்கூத்து, பறையாட்டம் என மாவட்டங்களின் கலைகள் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா போன்ற பொது இடங்களுக்கு வந்தன. கர்நாடக இசைக் கலைஞர்களும் அரங்கை விட்டுப் பூங்காவுக்கு வந்து பாடினார்கள். கட்டணம் கிடையாது.

ஊரூர் ஆல்காட் குப்பம், பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பு. வசதியான வீடுகளுக்கும் அதற்கும் நடுவே சில நிமிட நடைதான். ஆனாலும் அங்கே போக வேண்டிய தேவை பலருக்கு வந்ததே இல்லை. 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் உள்ளிட்ட தன்னார்வலர்கள் குப்பத்து மக்களோடு சேர்ந்து அங்கேயே ஒரு விழாவைத் தொடங்கினார்கள். பரதம், கச்சேரி, பறை, வில்லுப்பாட்டு எல்லாம் ஒரே மேடையில் அடுத்தடுத்து நடந்தன. இதற்கும் கட்டணம் இல்லை.

இரண்டுக்கும் முதல் வேறுபாடு, யார் யாரிடம் போகிறார்கள் என்பது. சங்கமத்தில் கலைஞர் நகரத்துக்கு வருகிறார். நகரவாசி தன் பூங்காவிலேயே நின்று பார்க்கிறார். இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இழவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட பறை, நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் பூங்காவில், அரசு மரியாதையோடு ஒலித்தது. கலைஞர்களுக்கு அது வருமானம், அதைவிட மேலாக ஓர் அங்கீகாரம். ஆனால் ஆட்டம் முடிந்ததும் கலைஞர் ஊருக்குப் பேருந்து ஏறுகிறார்; பார்த்தவர் வீட்டுக்குப் போகிறார். இருவருக்கும் இடையில் உறவு தொடர வழியில்லை.

குப்பத்து விழாவில் திசை மாறுகிறது. பெசன்ட் நகர்க்காரர் மீனவர் தெருவுக்கு விருந்தாளியாகப் போகிறார். வரவேற்பவரும் இடம் தருபவரும் குப்பத்து மக்கள். விழா முடிந்த பிறகும் இரு தரப்பும் அக்கம்பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். குப்பத்துக்குச் செவ்வியல் இசையைக் கொண்டுபோவது மேலிருந்து பண்பாட்டை வழங்கும் செயல் ஆகாதா என்ற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்விதான். கச்சேரி மட்டுமே நடந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். பறையும் வில்லுப்பாட்டும் அதே மேடையில் அதே மதிப்போடு இடம்பெற்றதே அதற்கு நேர்மையான பதில்.

இந்த நெருக்கம் கலையோடு நிற்பதில்லை. டி.எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் கைகோத்த இன்னொரு முயற்சி, 2017இல் வெளியான ‘புறம்போக்குப் பாடல்’. சென்னைத் தமிழில் எழுதப்பட்டு ராகமாலிகையாகப் பாடப்பட்ட அது, எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவை நகரின் மறுகோடி வரை பேச வைத்தது. சேர்ந்து கேட்பவர்கள் சேர்ந்து கவலைப்படவும் தொடங்குகிறார்கள். சமூக ஒற்றுமை என்பதன் நடைமுறைப் பொருள் இதுவே.

நீடித்து நிற்பதில் இரண்டுக்கும் குறை உண்டு. சங்கமம் 2011 ஆட்சி மாற்றத்தோடு நின்றுபோய், 2023இல்தான் ‘நம்ம ஊரு திருவிழா’வாக மீண்டது. அரசின் கையில் பணமும் பரப்பும் இருக்கின்றன. தேர்தல் முடிவு அவற்றை ஒரே நாளில் பறித்துவிடும். குப்பத்து விழா ஆட்சியை நம்பியதல்ல. தன்னார்வலர்களின் நேரத்தையும் உழைப்பையும் நம்பியது. ஆகவே அது பல பகுதிகளுக்கு வேகமாகப் பரவவில்லை.

எனவே ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் முடிவெடுப்பது யார் என்பதில் குப்பம் காட்டிய வழியே சரி. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வாழ்கின்றன. அங்கே அரசு மேடை போட்டுக் கலைஞர்களை இறக்கிவிட்டால் மட்டும் போதாது. நிதியை அரசு தரட்டும். எந்தத் தெருவில், எந்தக் கலை, யாரை அழைப்பது என்பதை அங்குள்ள பெண்களும் இளைஞர்களும் முடிவு செய்யட்டும். ஒதுக்கப்பட்ட பகுதி விருந்து கொடுக்கும் இடத்தில் நிற்கும்போதுதான், மீதி நகரம் அதைச் சமமாகப் பார்க்கப் பழகும்.